பாண்டியின் ஐசி மேல் நான் வைத்த பஞ்சு

கார்டு ரிப்பேர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டபோது, செத்த மெஷினுக்கு நான் எப்படி உயிர் கொடுத்தேன் என்று நாலு கதை எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கதை யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். முப்பத்தைந்து வருஷம் பேங்க், மில், ஆஸ்பத்திரி என்று மதுரையைச் சுற்றிக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். என் பெருமையைப் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டேன். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ரிட்டயரான பிறகு, தெரிந்தே நான் கெடுத்த ஒரு ஐசியைப் பற்றி எழுதுகிறேன். கெடுக்கக் காரணம் பொறாமை. அதற்கு வேறு நாகரிகமான பெயர் வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்குப் பழைய ஐசி, அதாவது கம்ப்யூட்டர் சிப், சேர்க்கிற பைத்தியம் உண்டு. தபால்தலை சேர்ப்பார்கள், காசு சேர்ப்பார்கள், நான் இதைச் சேர்க்கிறேன். ஆரம்பித்த காலத்தில் இது செலவில்லாத பைத்தியம். காயலான் கடையில் பழைய கார்டுகளை, ஐசி பற்றவைத்த பச்சைத் தகடுகளை, சாக்குச் சாக்காக அடைத்து வைத்திருப்பார்கள். "வேணுங்கிறத எடுத்துக்கங்க சார், மிச்சத்த உள்ள போட்ருங்க" என்று சாக்கையே கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பிறகு தங்கம் பிரிக்கிறவர்கள் வந்தார்கள். பழைய பீங்கான் ஐசிகளின் மூடியிலும் கால்களிலும் தங்க முலாம் உண்டு. அதை ஆசிட்டில் போட்டுத் தங்கத்தை எடுப்பார்கள். நகைக்கடையில் விலை ஏற ஏற, நமக்குக் காயலான் கடையிலும் ஏறியது. அது போதாதென்று ஆன்லைன் ஏலம் வந்தது. சாக்கைக் கவிழ்த்த அதே கடைக்காரர் ஒரு நாள் போனைத் திருப்பிக் காட்டி, "வெளிநாட்டுக்காரன் எம்புட்டுக்குக் கேக்குறான் பாத்தீகளா? நீங்க இத்தன வருசமா என்னைய ஏமாத்திட்டுத் திரிஞ்சிருக்கீக" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ரெண்டு டீ வாங்கிக் கொடுத்து எடுத்த சாமான் இப்போது ஒரு மாதப் பென்ஷனைக் கேட்கிறது. ஒரு தடவை கடைவாய்ப் பல்லுக்கு மூடி போடுவதற்காக வைத்திருந்த பணத்தோடு கிளம்பினேன். போகிற வழியில் காயலான் கடைக்குள் நுழைந்துவிட்டு, பல் டாக்டர் வீட்டுக்குப் போகாமலே திரும்பி வந்தேன். என் மனைவி மேஜையில் இருந்ததைப் பார்த்தாள். ரெண்டு பக்கமும் வரிசையாகக் கால் வைத்த சாமான்.

"ஏங்க, பல்லுக்கு வச்ச காசுல பூரான் வாங்கிட்டு வந்திருக்கீகளே, மண்டையில என்னமும் கழண்டு போச்சா?"

இன்றைக்கும் நான் இடது பக்கமாகத்தான் மெல்லுகிறேன். இப்படிப் பல்லைக் கடித்துச் சேர்த்தது நாற்பது ஐசி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, கறுப்பு ஃபோம், அச்சடித்த சீட்டு. மதுரையில் இந்த மாதிரி ஒரு சேகரிப்பு வேறு யாரிடமும் கிடையாது என்று நான் நம்பினேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இப்போது பாண்டி. எங்கள் கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு வேலைக்கு வந்தவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். டிவி மெக்கானிக்காக இருந்து கை பழகியவன், டிப்ளமோ கிடையாது. அதனால் கம்பெனி அவனைக் கடைசிவரை நிரந்தரம் செய்யவில்லை. இப்போது செல்லூரில் ஒரு சந்துக்குள் கடை போட்டு, விசைத்தறிகளின் கண்ட்ரோல் கார்டுகளை ரிப்பேர் பார்க்கிறான். அண்ணே அண்ணே என்று என் மேல் உயிராக இருப்பான். எனக்கும் அவனைப் பிடிக்கும். பிடித்தவன் மேல் பொறாமை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தான். கையில் சோன்பப்டி டப்பா.

"அண்ணே, கண்ண மூடுங்க."

"இந்த வயசுல என்னடா வெளாட்டு? என்னன்னு சொல்லு."

"மூடுங்கண்ணே, சும்மா."

மூடினேன். திறந்து பார்த்தால், டப்பாவுக்குள் ஃபோம் மேல் ஒரு ஐசி. வெள்ளைப் பீங்கான் உடம்பு, நடுவில் தங்க மூடி, நாற்பது காலும் நேராக. மேலே கறுப்பு மையில் கம்பெனிப் பெயரும் எண்ணும் ஒரு எழுத்துக்கூடத் தேயாமல் இருந்தன. அந்தக் காலத்தின் முதல் ப்ராசஸர்களில் ஒன்று. நான் இருபது வருஷம் தேடியது. ஐசி சேர்க்கிறவர்கள் உலகத்தில் எழுத்துத்தான் எல்லாம். எழுத்து இருந்தால் அது சரித்திரம், எழுத்து போனால் அதில் இருக்கிற தங்கத்துக்கு என்ன உண்டோ அவ்வளவுதான்.

"எங்கடா புடிச்ச?"

"அந்த நூல் மில்லுல சம்பளக் கணக்குப் போடுற பழைய மெஷின் ஒண்ணு கெடந்துச்சுல்ல, அதுலதாண்ணே. நீங்கதான கண்டம் பண்ணீக? பின்பக்கம் தனியா ஒரு கார்டு சொருகியிருந்துச்சு. காயலான் கடையில இரும்போட இரும்பாக் கெடந்துச்சுண்ணே."

கண்டம் பண்ணுவது என்றால், இந்த மெஷின் இனி உதவாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. சீனியர்தான் போட முடியும். நான்தான் போட்டேன். அன்று மில் கேண்டீனில் ஆட்டுக்கறிக் குழம்பு. மேனேஜர், "சாப்பாடு ஆறுது சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மெஷினின் பின்கதவை நான் திறக்கவே இல்லை. இருபது வருஷம் தேடியதை ஒரு கையெழுத்தில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தம்பிகளே, எந்த மெஷினுக்கும் பின்கதவைத் திறக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

"எனக்குக் குடுத்துரு பாண்டி. என்ன வெல சொல்ற?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே. என்கிட்ட இது ஒண்ணுதான இருக்கு."

அவன் போன பிறகு என் நாற்பது பெட்டிகளையும் வெளியே எடுத்து அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் கருகக் காய்ச்சின கருப்பட்டி மாதிரி ஒரே கறுப்பாகத் தெரிந்தன. வயிறு எரிந்தது. எரிச்சலுக்குக் காரணம் அவனுக்குக் கிடைத்தது என்பது மட்டும் இல்லை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அவனுக்குக் கிடைத்ததுதான்.

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. காயலான் கடைக்குப் போனால், "பாண்டி அண்ணே இப்பத்தான் வந்துட்டுப் போறாரு" என்பார்கள். அவன் எடுத்த பிறகு மிச்சத்தை நான் கிளறுவது மாதிரி இருக்கும். இத்தனைக்கும் அவன் ஐசி தேடிப் போவதில்லை. வேலைக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கப் போவான்.

இந்த நேரத்தில்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் தாண்டி ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்து அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் துறைத் தலைவராக இருந்த பேராசிரியை, வராந்தாவில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்கப் போவதாகவும் அதில் பழைய ஐசிகளைக் காட்சிக்கு வைக்க விரும்புவதாகவும் சொன்னார். கொடுத்தவர் பெயர் ஒவ்வொரு தட்டிலும் இருக்குமாம். என் நாற்பதும் அதில் இருக்கும், நடுத்தட்டில் என் பெயர் இருக்கும் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள் போல, அங்கே பாண்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், மடியில் சோன்பப்டி டப்பா. பேராசிரியை டப்பாவைத் திறந்தார். விரிந்த கண்ணை என் பக்கம் திருப்பவே இல்லை.

"இதை நடுத்தட்டில் லைட் போட்டுத் தனியா வைக்கலாம் சார். உங்களோடதெல்லாம் கீழ் ரெண்டு தட்டுல வரிசையா வந்துரும், சரியா?"

சரி என்று தலையாட்டினேன்.

மேஜையில் பிரின்சிபாலும் இருந்தார். நம் தொழில்காரர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். பேராசிரியை ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"இப்பல்லாம் போலி நெறைய வருதாமே சார். நீங்க சீனியர். ஒரு தடவ பாத்துட்டு, அசல்தான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா எங்களுக்கும் திருப்தி."

ரெண்டு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அது அசல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வந்த மெஷினைக் குப்பைக்கு அனுப்பியவனே நான்தானே. ஆனால் பாண்டிக்கு நான் சர்டிபிகேட் எழுத வேண்டும், அவன் நடுத்தட்டில் உட்கார, நான் கீழ்த்தட்டில் கிடக்க வேண்டும். கை பேனாவுக்குப் போகாமல், எப்போதும் கூடவே தூக்கித் திரிகிற சர்வீஸ் பைக்குள் போனது. அசிட்டோன் பாட்டிலையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்தேன்.

"டெஸ்ட் பண்ணிட்டே எழுதிருவோமே."

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போலிக்காரர்கள் கறுப்புப் பிளாஸ்டிக் ஐசியைச் சுரண்டி, மேலே கறுப்புப் பூச்சடித்து, வேறு பெயர் அச்சடிப்பார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் பூச்சு கரைந்து குட்டு வெளிப்படும். அது பிளாஸ்டிக்குக்கு உண்டான சோதனை. பழைய வெள்ளைப் பீங்கானில் பூச்சே கிடையாது. வெறும் மையில் முத்திரை குத்தியிருப்பார்கள், அசிட்டோன் பட்டால் அசலின் எழுத்தும் போய்விடும். அதனால் எதுவாக இருந்தாலும் முதலில் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத ஒரு எழுத்தின் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவனே நான். பாண்டியும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன்.

"அண்ணே," என்றான் மெதுவாக. "மொதல்ல அடியில வச்சுப் பாருங்கண்ணே."

"எனக்கே சொல்லித் தாரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் பஞ்சை நேராக மேலே வைத்து மூன்று இழுப்பு இழுத்தேன். எண் போனது. பெயர் போனது. வெள்ளைப் பீங்கான் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பஞ்சு மட்டும் கறுப்பாக என் கையில் இருந்தது.

"அச்சச்சோ, டூப்ளிகேட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷ சீனியர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்களோ அதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பாண்டி ஐசியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினான். "சரிண்ணே, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பேராசிரியை நடுத்தட்டுக்கு என் ஐசிகளில் நல்லதாக நாலைப் பொறுக்கச் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது? தெப்பக்குளம் பஸ் ஸ்டாப் வரைக்கும் சந்தோஷமாகத்தான் நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் சட்டை நுனியால் துடைத்தது ஞாபகம் வந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. ஆனாலும் யாருக்கும் போன் செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் ஒரு தறிக்காரர் மஞ்சப்பையோடு என் வீட்டு வாசலில் நின்றார். பைக்குள் ஒரு கண்ட்ரோல் கார்டு.

"சார், இத நீங்க ஒரு தடவ பாத்துக் குடுக்கணும். பாண்டிகிட்ட இருந்து திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்."

"ஏன், நல்லாத்தான பாப்பான்?"

"நல்லாத்தான் பாத்தாரு. ஆனா டூப்ளிகேட் ஐசி போடுற ஆளாம்ல. ஒங்க ரிப்பேர்காரக வாட்ஸப் குரூப்புல ஒரே பேச்சாக் கெடக்காம். நீங்களே காலேஜுல வச்சுக் கண்டுபிடிச்சீகளாமே? எங்க தெருவுல மூணு பேரு கார்ட வாங்கிட்டாக சார்."

கார்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். பாண்டி வைத்திருந்த ஈயப் பற்றவைப்பு ஒவ்வொரு புள்ளியும் கடுகு கோத்த மாதிரி ஒரே அளவில், பளபளவென்று. போட்டிருந்த ஐசி அத்தனையும் அசல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. நம் தொழிலில் படிப்பு இல்லாதவனுக்குப் பெயர்தான் சோறு. நான் ஐசியின் பெயரை மட்டுமா துடைத்தேன்?

தறிக்காரரை உட்காரக்கூட வைக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். கடையில் எப்போதும் நாலைந்து கார்டு தொங்கும் கம்பியில் ஒன்றுகூட இல்லை. பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தறிச் சத்தத்தில் நான் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாண்டி, அது அசல். தெரிஞ்சேதான் மேல வச்சேன்."

அவன் பேப்பரை மடித்தான்.

"எனக்குத் தெரியும்ணே."

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன்ல? அடியில வைங்கன்னு சொன்னேன்ல? நீங்க என்ன சொன்னீக?" அவன் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. "ஒங்ககிட்ட நாப்பது இருக்கு. என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அது ஒங்க கண்ணுல அம்புட்டு உறுத்துச்சா? என் மகளுக்குப் பாத்திருக்கிற மாப்ள வீட்டுல போட்டாவெல்லாம் காமிச்சு வச்சிருந்தேண்ணே, அப்பா பேரு காலேஜுல வரப்போகுதுன்னு."

என் நாற்பதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றேன். எது நல்லதோ அதையே எடுத்துக்கொள் என்றேன்.

"அத வச்சு நான் என்ன பண்ண? அது நீங்க தேடுனது. குரூப்புல போடுங்க. அம்புட்டுப் பேருக்கும் தெரியணும். என் முன்னாடியே போடுங்க."

அங்கேயே நின்று போனில் தட்டினேன். "பாண்டியின் ஐசி அசல். வெள்ளைப் பீங்கானில் அசிட்டோன் வைத்தால் அசல் எழுத்தும் அழியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அழித்தேன். காரணம் பொறாமை." மில்லில் சர்வர் படுத்து, சம்பள நாளன்று ஆயிரம் பேர் வெளியே நின்றபோதுகூட ஒரு பட்டனை அழுத்த நான் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. எவ்வளவு பெரிய மெஷினைக் கெடுத்தாலும், கெடுத்தது நான்தான் என்று நான் யாரிடமும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, அனுப்புவதுதான் கஷ்டம்.

பாண்டி எட்டிப் பார்த்தான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பொறாமைன்னு போடணுமாண்ணே? தெரியாம நடந்துருச்சுன்னு போட்டாப் போதாதா?"

"போதாதுடா. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்."

அனுப்பினேன். முதல் பதில் வந்தது: "சார், உங்க போனை யாரும் ஹேக் பண்ணிட்டாங்களா?" பாண்டி அடக்கப் பார்த்துச் சிரித்துவிட்டான். தறிக்காரர் மஞ்சப்பையை மேஜையில் வைத்து, "இருக்கட்டும் பாண்டி, வேல முடிஞ்சதும் சொல்லு" என்று வெளியே நழுவினார். மற்ற கார்டுகளும் அந்த வாரத்திலேயே கம்பிக்குத் திரும்பிவிட்டன.

அன்று மாலையே பேராசிரியையிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல் அந்த ஐசியையே திரும்பக் கொண்டுவரச் சொன்னார். எழுத்து இல்லாமலே நடுத்தட்டில் வைக்கலாம் என்றார். பக்கத்தில் வைக்கும் அட்டையை என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார். பாண்டி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான், நான் அட்டையை எழுதினேன். "செல்லூர் பாண்டி கண்டெடுத்தது. அசல். மேலே இருந்த எழுத்தை அழித்தவர்:" என்று போட்டு, என் முழுப்பெயரையும் எழுதினேன்.

அலமாரியைத் திறந்துவைத்த நாளில் நான் ஓரமாக நின்றேன். என் நாற்பதும் கீழ் ரெண்டு தட்டில் அச்சடித்த சீட்டோடு ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஒருவர் குனிந்து பார்க்க வேண்டுமே! மாணவர்கள் அத்தனை பேரும் நடுத்தட்டின் முன்னால் நெருக்கித் தள்ளிக்கொண்டு, எழுத்தில்லாத அந்த வெள்ளைத் துண்டைப் போட்டோ எடுத்தார்கள். அட்டையைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். என் பெயர் வந்ததும், "யாருடா இந்த ஆளு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எழுத்தோடு இருந்திருந்தால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் துடைத்துத் துடைத்தே அதைப் பெரிய ஆளாக்கிவிட்டேன் என்று மறுபடியும் வயிறு லேசாக எரிந்தது.

பாண்டி குடும்பத்தோடு வந்திருந்தான். கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் அவ்வளவு சரியில்லை.

"என்னடா?"

"என்னண்ணே இது, அம்புட்டுப் பேரும் ஒங்க பேரத்தான் கேக்குறாக. கண்டெடுத்தது நான். என்னைய ஒருத்தனும் யாருன்னு கேக்கலையே!"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், என் பொறாமையின் குரல். அன்றைக்கு மதியம் வீட்டில் ஒரு கரண்டி சோறு கூடவே வாங்கிச் சாப்பிட்டேன்.